மக்கட் பெயர்

பொருள்களுக்கு வழங்கும் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாகப் பகுப்பர் நன்னூலார். மரம் என்பது முன்னதற்கும், பறவை என்பது பின்னதற்கும் காட்டப்பெறும். பறத்தலாகிய காரணம் பறவையின்கண்ணே இருத்தலின், அதனைக் கண்டு பெயரிடுதல் எளிது. மக்கட்குப் பெயரிடுமிடத்து இம்முறை செல்லாது. பிறந்து பத்து நாளே ஆன குழந்தையிடத்து வீரமும் அறிவும் கொடையும் யாண்டுக் காண்பது? அவ்வாறிருந்தும் தம் மக்கட்கு வெற்றொலியைப் பெயராக இட்டு அமைதியுற்ற நாட்டினர் அரியர். ஆகவே மக்கட் பெயரின் காரணம் பெயர் பெற்றவனிடத்து இல்லை, பெயரிட்டவரிடத்தே உள்ளது. அவருடைய அச்சம், ஆசை, கடன், அன்பு என்பனவே அப்பெயரிற் சென்று தங்குகின்றன. இதனை விளக்கச் சிராப்பள்ளியும் அதனைச் சூழ்ந்த பதிகளும் போதிய சான்று தருவன.

சிராப்பள்ளியின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் உறையூர், சங்ககாலத்துச் சோழர் தலைநகர். அவ்வூர்ப் புலவர் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின், அக்காலத்தார் ஒருவனை மற்றொருவனினின்று பிரித்தறிந்த முறை புலனாகும். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பெயரில் ஊர், சேரி, உடற்குறை, இயற்பெயர் நான்கும் அடைவே நிற்கின்றன. உறையூர் மருத்துவன் தாமோதரனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் என்பன தொழில் பற்றி வந்தன. உறையூர் முதுகண்ணன் சாத்தனார், உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் என இரு சாத்தனார் இருந்தமையின் அடைமொழி இன்றியமையாததாயிற்று. உடற்குறையைப் பெயரோடு சேர்த்தது இகழ்ச்சியன்று. முடம் என்னும் சொல்லை முன்னிட்ட பெயரும் ஆர் விகுதி குன்றாது முடிந்திருத்தல் காண்க.

அடைமொழிகளை நீக்கின் எஞ்சுவன கண்ணன், சாத்தன், ஆதன், கொற்றன் போலுஞ் சிறு பெயர்களே. இவை புலவர்க்கும் வேந்தர்க்கும் மட்டும் உரியவாயிருந்தில. கீழடியில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழிப் பொறிப்பாகக் காணப்படுகின்றன. எகிப்து நாட்டுச் செங்கடற் கரையிலுள்ள குசெய்ர் அல்-கதீம் என்னும் பழந்துறைமுகத்திற் கிடைத்த ஓடுகளில் கண்ணன் எனவும் சாத்தன் எனவும் எழுதியிருத்தல் அறியப்பட்டது. கடல் கடந்த வாணிகன் தன் கலத்தின்மேற் கீறிய பெயர், அவன் குலமும் ஊரும் மறைந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழிந்த பின்னரும் அவ்வோட்டில் நிற்கின்றது.

தந்தை பெயரை மகன் தாங்குதல் உலகெங்கும் உண்டு. ஐசுலாந்து நாட்டார் இன்றும் தந்தை பெயரோடு 'மகன்', 'மகள்' என்னும் பொருளுடைய விகுதி சேர்த்தே வழங்குவர். தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயர்க்கு முன் நிறுத்துவர். மகன் பெயரைத் தந்தை தாங்கும் வழக்கமும் தமிழில் இருந்தது. ஆதன் தந்தை ஆந்தை எனவும், பூதன் தந்தை பூந்தை எனவும் புணருமாற்றைத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துள் விதந்தோதினார். கோப்பெருஞ் சோழனோடு உடன் உயிர்விட்ட பிசிராந்தையாரின் பெயர் இவ்விதிக்கு இலக்கியம். அராபியரும் தலைமகன் பெயரோடு 'அபூ' என்பதைச் சேர்த்துத் தந்தையை அழைப்பர். இனி, பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பண்டைக் கிரேக்கரும் மூத்த மகனுக்குப் பாட்டன் பெயரிட்டனரேனும், அம்முறையையே உறவுச் சொல்லாக ஆக்கிக்கொண்ட சிறப்புத் தமிழுக்கு உண்டு. இதன்கண் ஓர் இடர்ப்பாடும் உளது. மாமனார் பெயரை மருமகள் நாவாற் சொல்லலாகாது என்பது பழைய ஒழுக்கம். அவர் பெயரையே தன் மகனுக்கு இட்டபின் அவனை அழைப்பது எங்ஙனம்? பெரியதம்பி, ஐயா என்றற்றொடக்கத்து வீட்டுப் பெயர்கள் பல அவ்விடர்ப்பாட்டிற் பிறந்தன.

அச்சத்தாற் பிறந்த பெயர்கள் வேறொரு வகை. முன்பிறந்த மக்கள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பின்வந்த குழவியைக் குப்பைமேற் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் எனவும், பிறர்பால் இரந்து பெற்றதாகப் பாவித்துப் பிச்சை எனவும், ஒருபடித் தவிட்டுக்கு விற்று மீட்டுத் தவிடன் எனவும் பெயரிட்டனர். விலையற்ற பொருளைக் கூற்றுவன் விரும்பான் என்பது அவர் கருத்து. மங்கோலியர் இதனினும் ஒருபடி மேற்சென்று 'பெயரில்லான்' எனப் பொருள்படும் நெர்குய் என்றும், 'இவனல்லன்' எனப் பொருள்படும் எனெபிஷ் என்றும் பெயர் வைப்பர். இவற்றைப் பாமரர் பேதைமை என்று நகுதல் தகாது. மகவைக் காத்தற்கு வேறு வழியறியாத பெற்றோர் கையிலிருந்த ஒரே படைக்கலம் அது.

இவற்றோடு ஒன்றாக எண்ணத்தகாத பெயர் ஒன்றுண்டு. பெண்மக்கள் தொடர்ந்து பிறந்தவிடத்துப் 'போதும்பொண்ணு' எனவும் 'வேண்டாம்' எனவும் இடுவது தமிழ்நாட்டிற் சிற்சில ஊர்களில் நிகழ்ந்துள்ளது. மகாராட்டிரத்தில் 'வேண்டாதவள்' எனப் பொருள்படும் நகுசா என்ற பெயருடைய பெண்கள் 280-க்கு மேற்பட்டோர்க்குச் சாத்தாரா மாவட்டத்தில் 2011-ஆம் ஆண்டில் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினர். குப்பம்மாள் என்ற பெயர் வெளித்தோற்றத்தில் இழிவும் உள்ளத்தில் அன்பும் உடையது. 'வேண்டாம்' என்பதோ உள்ளும் புறமும் ஒன்றே. அகிலாண்டநாயகி அன்னையாய் வீற்றிருக்கும் ஆனைக்காவையும், இறைவனே அன்னையாய் வந்த சிராப்பள்ளியையும் உடைய நாட்டில் அப்பெயர் வழங்கினமை நாணத்தக்கது.

இனித் தெய்வத்தின்பாற் பெற்ற பெயர்கள். இவையே எந்நாட்டினும் மிக்கன. கிரேக்கரின் தியோடோரசு என்பது 'கடவுள் தந்த கொடை'. வடமொழித் தேவதத்தன் என்பதும் அதுவே. அராபியரின் அப்துல்லா என்பது 'கடவுளின் அடியான்'. சிவதாசன் என்பதனோடு அஃது ஒக்கும். எபிரேயரின் மிக்காயேல் என்பது 'கடவுளை ஒப்பார் யார்?' என்னும் வினா. பாபிலோனிய வேந்தன் நெபுகாத்நேச்சாரின் பெயர் நபு என்னும் தெய்வத்தை விளித்துத் தன் மகவைக் காக்குமாறு வேண்டும் வேண்டுகோள். ஒரு முழு வாக்கியமே பெயராக நிற்றலை இவற்றிற் காணலாம். தமிழிலும் அங்ஙனமே. உய்யவந்தான், உய்யக்கொண்டான் என்பன வாக்கியப் பெயர்கள். திருவுந்தியாரும் திருக்களிற்றுப்படியாரும் அருளிய ஆசிரியர் இருவரும் உய்யவந்த தேவர் என்னும் பெயரினராதலைச் சைவ நன்மக்கள் அறிவர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில், முதல் இராசராசன் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவருள் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். கூத்தப்பெருமானது தூக்கிய திருவடியையே ஆடல்மகள் ஒருத்திக்குப் பெயராக்கிய பெற்றோரின் உள்ளம் எத்துணை நுண்ணியது! அவர்களை ஆங்குக் கொணர்ந்த மன்னனும் அருண்மொழி என்னும் பெயரினும் சிவபாதசேகரன் என்பதனைப் பெருமையாகக் கொண்டவனே.

வாக்கியப் பெயர்களுள் தலையாயது சிராப்பள்ளி இறைவன் திருப்பெயர். பூம்புகாரினின்று வந்து வாழ்ந்த வணிகர்குலப் பெண் இரத்தினாவதி கருவுயிர்க்கும் நாள் அணுகிற்று. உதவிக்கு வரவேண்டிய தாய், காவிரி பெருக்கெடுத்தமையால் அக்கரையிலேயே தங்கினாள். இறைவன் அத்தாயின் வடிவுகொண்டு வந்து மகப்பேறு பார்த்துப் பணிசெய்தான். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது மறைந்தான் என்பது தலவரலாறு. தாயும் ஆனவன் என்னும் பெயரில் உள்ள உம்மை எச்சவும்மை. தந்தையாதல் முன்னரே பெறப்பட்டமையின் அது சொல்லாமற் சொல்லப்பட்டது. மாத்ருபூதேசுவரர் என்னும் வடமொழிப் பெயர் தாயானமையைக் கூறும். அவ்வும்மையை அது கூறாது. ஆயினும் தாயுமானவன் என்பதும் மாத்ருபூதம் என்பதும் இரண்டுமே இவ்வட்டாரத்தில் மக்கட்பெயராய் வழங்கி வருதல் காணலாம்.

அப்பெயர் பெற்றவருள் உலகறிந்தவர் தாயுமான அடிகள். அவர் தந்தையார் திருமறைக்காட்டினர். சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்தவர். தம் மூத்த மகன் சிவசிதம்பரத்தைத் தமையனார் வேதாரணியம் பிள்ளைக்கு மகவாகக் கொடுத்துவிட்டு, மலைக்கோயிற் பெருமானை வேண்டி மறுமகவு பெற்று, அப்பெருமான் பெயரையே இட்டார் என்பது வழங்கும் வரலாறு. அக்குடும்பத்தார் பெயர்களை நோக்குக. தந்தையார் கேடிலியப்பர், அது கீழ்வேளூர் இறைவன் பெயர். பெரிய தந்தையார் வேதாரணியம், அது திருமறைக்காடு. தமையனார் சிவசிதம்பரம், அது தில்லை. அடிகளின் மனைவியார் மட்டுவார்குழலி. அது சிராப்பள்ளி அம்மையின் திருநாமம். மகனார் கனகசபாபதி, மீண்டும் தில்லை. வீட்டிலுள்ளாரை ஒருமுறை பெயர் சொல்லி அழைத்தாற் சோழநாட்டுத் தலயாத்திரை ஒன்று முடிந்துவிடும்.

காவிரிக்கு வடகரையிலும் ஒரு தாயின் பெயர்க்கதை உண்டு. ஆனைக்காவில் இறைவற்கு நூலாற் பந்தர் இழைத்த சிலந்தி, சோழன் சுபதேவற்கும் கமலவதிக்கும் மகவாய் வந்தது. ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் இம்மகவு மூவுலகும் ஆளும் என்று காலக்கணிதர் கூற, தன்னைத் தலைகீழாகக் கட்டித் தூக்குமாறு பணித்துப் பேற்றைத் தாழ்ப்பித்தாள் அரசி. காலம் நீட்டித்தமையாற் கண் சிவந்து பிறந்த மகனைப் பார்த்து, 'கோச்செங்கணானோ' என்று ஒரு சொற் சொல்லி உயிர்நீத்தாள். அதுவே அவர்க்குப் பெயராயிற்று. முதற்கண் கூறியதற்கு இது மறுதலை போலத் தோன்றும். கண்ணின் செம்மையாகிய காரணம் மகவின்கண்ணே உளதன்றோ எனின், செம்மை மகனுடையதே, அதனை விளைத்தது தாய் பொறுத்த துன்பம் என்க. அரங்கத்துப் பெரியோர்பாலும் இதுபோல் ஒன்றுண்டு. பராசர முனிவர் பெயரை விளங்கவைக்க வேண்டும் என்ற ஆளவந்தாரது நிறைவேறாத எண்ணத்தை முடிப்பான் வேண்டி, கூரத்தாழ்வான் மகவுக்குப் பராசரன் எனப் பெயரிட்டார் இராமாநுசர். பிறந்த மகவின்மேல் ஒரு பெரியவரின் கடன் பெயராய் ஏறிற்று.

பெயரிடுதலை வழிபாடாகவே ஆற்றியவர் திங்களூர் அப்பூதியடிகள். தாம் கண்ணாற் காணாத திருநாவுக்கரசரிடத்து வைத்த அன்பினால், மக்கட்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு எனப் பெயரிட்டார். அளவைகளும் ஆவும் தண்ணீர்ப்பந்தரும் அப்பெயரே பெற்றன. வழிவந்த நாவுக்கரசர் பந்தரிற் பெயரைக் கண்டு, நும் பெயர் எழுதாது வேறொரு பெயரை எழுதியது ஏன் என வினவ, சினங்கொண்ட அடிகள், அப்பெயரை வேறொரு பெயர் என்ற நீர் யாவர் என்று கேட்டதனைச் சேக்கிழார் வாயிலாக அறிகின்றோர் உள்ளம் உருகாதிருத்தல் அரிது. ஒன்று இங்கே கருதற்பாலது. அப்பூதியார் அந்தணர், நாவுக்கரசர் வேளாளர். மனுநூல் நால்வருணத்தார்க்கும் பெயரிடும் முறை வகுக்குமிடத்து, நான்காம் வருணத்தார் பெயர் இழிவு தோன்ற நிற்றல்வேண்டும் என விதித்தது. அவ்விதி வழங்கிய சூழலில் அந்தணர் ஒருவர் வேளாளர் பெயரைத் தம் மக்கட்கு இருமுறை இட்டார். மூத்தவன் அரவு தீண்டி இறந்தபோது, அப்பெயர்க்கு உரியவரே பாடி அவனை எழுப்பினார்.

அந்நாவுக்கரசர்க்குப் பெயர் நான்கு. அவற்றை இட்டவரும் நால்வர். திருவாமூரிற் பெற்றோர் இட்டது மருணீக்கியார். சமணர் இட்டது தருமசேனர். அதிகையில் இறைவன் இட்டது நாவுக்கரசு. ஞானசம்பந்தர் வாய்மலர்ந்தது அப்பர். சமயம் மாறப் பெயர் மாறுதல் எகிப்திலும் நிகழ்ந்தது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அமென்ஹோதெப் என்னும் மன்னன் ஆதென் வழிபாடு மேற்கொண்டு அகெனாதென் ஆயினான். அவனுக்குப் பின் வந்த துதங்காதென் பழைய அமுன் வழிபாட்டுக்கு மீண்டு துதங்காமுன் ஆயினான். அவ்விருவரும் தம் ஆணையாற் பெயர் மாற்றினர்; நாவுக்கரசரோ தமக்குத் தாமே ஒரு பெயரும் வைத்துக்கொண்டிலர். சிராப்பள்ளி மலைமேற் குகைக்கோயிலில் மகேந்திரவர்மப் பல்லவன் தன் விருதுப்பெயர் பலவற்றைத் தூண்களிற் பொறித்தான். அவற்றுள் குணபரன் என்னும் பெயரே, சேக்கிழார் குறித்த அதிகைக் குணபரவீச்சரத்தோடு அவனை இணைத்து, நாவுக்கரசர் காலத்தை அறிஞர் துணிதற்குத் துணையாயிற்று. தற்பெருமைக்கு வெட்டிய பெயர் அடியார் வரலாற்றுக்குச் சான்றானது வியப்பே.

சைவத் தீக்கையிற் பெயர் அமையும் முறை தனிச்சிறப்புடையது. கண்ணைக் கட்டிய மாணாக்கன் மண்டலத்தின்மேல் மலரிட, அம்மலர் விழுந்த இடத்து மூர்த்தியின் பெயரோடு சிவ என்பது சேர்த்து அவனுக்குத் தீட்சாநாமம் ஆக்குவர். ஈசானசிவர், அகோரசிவர் முதலாகக் கல்வெட்டினும் பத்ததியினும் வரும் ஆசாரியர் பெயர்கள் இவ்வழிப் பிறந்தன. ஈண்டுப் பெயரின் காரணம் பெற்றோர்பாலும் இல்லை, பெற்றவன்பாலும் இல்லை. கட்டிய கண்ணுக்கு அப்பாற்பட்ட திருவருளின்பால் உள்ளது.

பெயரை மொழிபெயர்த்தல் தகுமோ என்னும் வினா இந்நூற்றாண்டுக்கு முன்னரே எழுந்தது. 1916-ஆம் ஆண்டில் தனித்தமிழ் மேற்கொண்ட சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆயினார். தம் மக்களுள் திருஞானசம்பந்தத்தை அறிவுத்தொடர்பு எனவும், மாணிக்கவாசகத்தை மணிமொழி எனவும், சுந்தரமூர்த்தியை அழகுரு எனவும், திரிபுரசுந்தரியை முந்நகரழகி எனவும் மாற்றினார். அடிகளின் தமிழ்ப்பற்றை ஐயுறுவார் இலர். ஆயினும் இப்பெயர்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. வேதாசலம் என்பது திருக்கழுக்குன்றம். மறைமலை என்றாலும் அக்குன்றமே. சுட்டிய பொருள் மாறிற்றில்லை. ஞானசம்பந்தம் என்பதோ அறிவோடு தொடர்புற்ற யாரையேனும் சுட்டுவதன்று. சீகாழியிற் பாலுண்ட பிள்ளையாரைச் சுட்டுவது. அறிவுத்தொடர்பு என்றவழிச் சொற்பொருள் நிற்கும், பிள்ளையார் நில்லார். மட்டுவார்குழலியைச் சுகந்தகுந்தளாம்பாள் ஆக்கியபோது தேன் போய் மணம் மட்டும் எஞ்சியதும் இத்தகைய இழப்பே. அன்றியும், மொழிபெயர்த்தல் எப்போதும் இழப்பு என்பதும் பொருந்தாது. திருவெண்காட்டு இறைவன் அருளாற் பிறந்தமையிற் சுவேதனப் பெருமாள் எனப்பட்ட திருவெண்ணெய்நல்லூர்ப் பிள்ளைக்குப் பரஞ்சோதி முனிவர் மெய்கண்டார் எனப் பெயரிட்டார். அது முனிவர் தம் ஆசிரியராகிய சத்தியஞானதரிசினிகளின் பெயரைத் தமிழாக்கியது என்பர். ஆங்கு மொழி மாறிற்று. குருமரபின் தொடர்ச்சி அறவில்லை.

இனி உயிர்க்கும் பெயர்க்கும் உள்ள இயைபை நோக்கின், சொல்லெல்லாம் சுத்தமாயையின் காரியம். சூக்குமை முதல் வைகரி ஈறாக நால்வகை வாக்காய் வெளிப்படுவது. உயிர்க்குத் தனக்கென ஒரு பெயரும் இல்லை. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பு. இதற்குப் பளிங்கு உவமை கூறப்படும். கைலாசம் என்னும் சொல்லையே பளிங்கு எனப் பொருள்படும் கேலாசம் என்பதனோடு இயைத்துக் கூறுவாரும் உளர். திருவெறும்பூரை அடுத்துப் பாரத மிகுமின் நிறுவனத்தார் குடியிருப்பாக எழுந்த நகருக்குக் கைலாசபுரம் என்று பெயர். எறும்புருக்கொண்டு தேவர் வழிபட்ட எறும்பீசரும் நறுங்குழல் நாயகியும் அணித்தே எழுந்தருளியிருத்தலின் பெயர் பொருத்தமே. பல மொழியினர் தொழில்பற்றி வந்து கூடிய இடமாதலின் அங்கே பெயர்முறைகளும் பலவாகக் கூடின. தெலுங்கர் குடிப்பெயரை முன்வைப்பர்; மலையாளரிற் பலர் வீட்டுப்பெயரை வைப்பர்; வடநாட்டார் குடிப்பெயரைப் பின்வைப்பர்; தமிழர்க்குக் குடிப்பெயர் வேண்டப்படுவதில்லை. முதற்பெயர், கடைப்பெயர் என இருகட்டம் வரைந்த படிவம் ஒன்று வந்துற்றால், தமிழன் தன் தந்தையின் பெயரைக் கடைக்கட்டத்தில் எழுதித் தந்தை பெயராலேயே தான் விளிக்கப்படுகின்றான். ஆந்தை, பூந்தை என மகன் பெயராலே தந்தையை அழைத்தவர் வழியினர்க்கு இம்மாற்றம் நேர்ந்தது.

கயிலையோடு இயைந்த பெயர் இன்னும் ஒன்று எஞ்சுகின்றது. காரைக்காலிற் பெற்றோர் புனிதவதி எனப் பெயரிட்டனர். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமென அஞ்சி நீங்கி, வேறு மணந்து பெற்ற தன் மகளுக்கு அப்பெயரையே சூட்டினான். அவரோ தசையுடம்பு உதறிப் பேயுருக்கொண்டு, காலால் மிதித்தலை அஞ்சித் தலையால் நடந்து கயிலை ஏறினார். யார் இவர் என உமையம்மை வினவ, நம்மைப் பேணும் அம்மை என்று விடையிறுத்த பெருமான், எதிர்வந்தவரை 'அம்மையே' என்றழைத்தான். தாயிலியாகிய அவன் வாயிற் பிறந்தமையின் அச்சொல்லே பெயராய் நின்றது. கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஏனையோர் நிற்க, அப்பெயருடைய அவர் ஒருவரே அமர்ந்திருக்கின்றார்.